75 ரூபாய் பிறந்த கதை

1913 மே மாதம் முதல் தேதி. சென்னை போர்ட் டிரஸ்டின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்த்துவந்த குமாஸ்தா ஒருவர், அன்று முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ஆனார். உதவித்தொகை மாதம் 75 ரூபாய். காலம் இரண்டு ஆண்டு. முதுகலைப் பட்டம் பெற்றவருக்கே அந்தத் தொகையைத் தரலாம் என்பது விதி. பெற்றுக்கொண்டவரோ கல்லூரியின் முதற்கட்டமான எஃப்.ஏ. பரீட்சையில்கூடத் தேறாதவர். பெயர் சீனிவாச ராமானுஜன். வயது 25.

ராமானுஜன் வாழ்க்கையைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாகிவிட்டது. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குப் போன கடிதமும் 1729 என்ற எண்ணும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நடுவில் இருக்கும் இந்த 75 ரூபாயை மட்டும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டு, அவரைக் கப்பலேற்றி அனுப்பிவிடுகிறோம். எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகப் படுகிறது. ஒருவர் எழுதிய கணிதத்தாள்களைச் சிலர் கூடிப் படித்து, அவருக்குப் பரிசு தரலாம் என்று முடிவெடுத்து, குறுக்கே நின்ற விதிக்கும் ஒரு வழி கண்ட நிகழ்ச்சி அது. யார் படித்தார்கள், யாருடைய சொல்லை நம்பினார்கள், யார் என்ன ஆட்சேபித்தார்கள் என்பதற்கெல்லாம் பதிவு இருக்கிறது.

இன்று தமிழ்நாட்டில் கருத்தரங்கு நடத்தாத கல்லூரி அரிது. அமர்வுக்கு ஒன்று என்று 'சிறந்த கட்டுரை' விருது கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. அந்த விருதை எப்படித் தீர்மானிக்க வேண்டும் என்று யோசிப்பவர்கள், வடசென்னைத் துறைமுகத்தில் கருக்கொண்ட இந்தப் பழைய பரிசின் கதையை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

முதலில் பறிபோன தொகை

ராமானுஜனுக்குக் கிடைத்த முதல் உதவித்தொகை இது இல்லை. 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தபோதே ஒன்று கிடைத்திருந்தது. எல்லாப் பாடங்களிலும் தேறினால்தான் அது தொடரும். ஆங்கிலத்தில் தவறினார், தொகை போயிற்று. 1906-இல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்கிருந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேற முடியவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி எழுதினார்; அப்போதும் தோல்வி.

பரீட்சையைக் குறை சொல்வதற்காக இதை நினைவுபடுத்தவில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள் என்ற ஏற்பாட்டில் ஒரு நியாயம் உண்டு. ஏற்கெனவே விடை தெரிந்த கேள்விகளை யார் சரியாக எழுதுகிறார்கள் என்று அது அளந்து சொல்லிவிடும். இதுவரை யாருக்கும் தெரியாத ஒன்றை ஒருவர் எழுதிக்கொண்டு வந்தால் அதை அளக்க அதனிடம் கோல் கிடையாது. தாளைக் கையில் வாங்கி, உட்கார்ந்து படித்து, தன் பெயரைப் போட்டு ஒரு கருத்துச் சொல்ல மனிதர் வேண்டும். 1907-லிருந்து ஆறு ஆண்டுகள் ராமானுஜன் தேடியது அந்த மனிதரைத்தான்.

படிக்க ஆள் தேடி

1907-இல் டெபுடி கலெக்டர் வி. ராமசுவாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியிருந்தார். கல்லூரி ஆசிரியர்களும் கணிதப் பித்துப் பிடித்த அரசு அதிகாரிகளும் சேர்ந்த கழகம் அது. சந்தா வசூலித்து வெளியிலிருந்து பத்திரிகைகள் வரவழைத்துப் படித்தார்கள். சொந்தமாகவும் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். 1910-இல் ராமானுஜன் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போய் ராமசுவாமி ஐயரைப் பார்த்தார். கேட்டது தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்தவருக்கு இந்த ஆளை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைக்க மனம் வரவில்லை. வேலை தராமல் அறிமுகக் கடிதம் தந்து சென்னைக்கு அனுப்பினார். சென்னையில் பி.வி. சேஷு ஐயர், அவரிடமிருந்து நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் என்று ஒருவர் கை மாற்றி ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார். ராமச்சந்திர ராவ் கொஞ்ச காலம் தன் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார்.

கழகத்தின் பத்திரிகையில் வாசகர்கள் கேள்வி அனுப்பலாம். மற்றவர்கள் விடை அனுப்பலாம். 1911-இல் ராமானுஜன் அனுப்பிய கேள்வி ஒன்று அதில் வந்தது. வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொரு வர்க்கமூலம் என்று முடிவே இல்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும் ஒரு கோவை. அதன் மதிப்பு என்ன என்பது கேள்வி. மூன்று இதழ்கள் வந்தன. ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே அனுப்பினார். விடை 3.

எப்படி என்று பாருங்கள். 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்பது 1-உடன் 2 × 4 சேர்ந்தது. அந்த 4, 16-இன் வர்க்கமூலம். 16 என்பது 1-உடன் 3 × 5 சேர்ந்தது. அந்த 5, 25-இன் வர்க்கமூலம். 25 என்பது 1-உடன் 4 × 6 சேர்ந்தது. இப்படியே 6, 7, 8 என்று இறங்கிக்கொண்டே போகலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொன்னால் புரியும். ஆனால் யாருக்கும் தோன்றவில்லை. அதே ஆண்டு அவருடைய முதல் கட்டுரை, பெர்னூலி எண்களைப் பற்றியது, அதே பத்திரிகையில் வெளிவந்தது. பத்திரிகாசிரியர் பெங்களூர் பேராசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார். ராமானுஜன் படிகளைத் தாவித் தாவி எழுதுவார், மற்றவர்களுக்குப் பிடிபடாது. ஐயங்கார் கட்டுரையைத் திருப்பித் திருப்பி அனுப்பித் தெளிவாக எழுதவைத்து அச்சிட்டார். நல்ல மதிப்பீட்டாளர் செய்ய வேண்டிய வேலை அதுதான்: தூக்கிப் போடாமல், அப்படியே விட்டுவிடாமல், எழுதியவரோடு மல்லுக்கட்டி ஒரு கட்டுரையைப் படிக்கத் தக்கதாக ஆக்குவது.

ஹார்பர் ஆபீஸ்

1912 பிப்ரவரி 9-ஆம் தேதி ராமானுஜன் போர்ட் டிரஸ்டுக்கு வேலை கேட்டு மனுப் போட்டார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் சிபாரிசு எழுதியிருந்தார். மார்ச் முதல் தேதி மூன்றாம் வகுப்பு, நான்காம் நிலைக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

அந்த ஆபீசில் அப்போது இரண்டு பேர் முக்கியமானவர்கள். சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், பொறியாளர். கிழக்கே பார்த்திருந்த துறைமுக வாயிலை மூடி வடகிழக்கில் புதிய வாயில் திறந்தது அவர் காலத்தில்தான். துறைமுகத்துக்குள் ஸ்பிரிங் ஹேவன் என்ற பெயர் இன்றும் அவரைச் சொல்கிறது. இன்னொருவர் கணக்குப் பிரிவின் தலைவர் எஸ். நாராயண ஐயர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டு வந்தவர். இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளரும் அவரே. ராமானுஜனுக்கு அங்கே வேலை கிடைத்தது அவரால்தான்.

பகலில் கணக்குப் பேரேடு. இரவில் திருவல்லிக்கேணியில் நாராயண ஐயர் வீட்டு மாடியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பெரிய சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். நீ இரண்டு வரியில் எழுதுவதற்கு நடுவில் எனக்காகப் பத்து வரி எழுது, அப்போதுதான் எனக்கும் பிறருக்கும் புரியும் என்று ஐயர் வற்புறுத்துவாராம். தாளுக்குப் பஞ்சம். சரக்கு சுற்றி வரும் பழுப்புத் தாளையும் விட்டுவைக்காமல் அதில் ராமானுஜன் கணக்குப் போட்டதாகச் சொல்வார்கள்.

நாராயண ஐயர் இந்த விஷயத்தை ஸ்பிரிங் காதில் போட்டார். ஸ்பிரிங்குக்குக் கணிதத்தில் தீர்ப்புச் சொல்லும் பயிற்சி கிடையாது. ஆனால் தன் ஆபீசில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு இருக்கும் ஒருவர் பெரிய ஆளாக இருக்கலாம் என்றால், அதைத் தெரிந்துகொள்வது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டார். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் சி.எல்.டி. கிரிபித்தும் 1912 நவம்பரில் அவருக்கு எழுதினார்: இந்த இளைஞர் அசாதாரணமானவராகத் தெரிகிறார், தீர விசாரிக்கும்வரை அவரைக் கவலையில்லாமல் வைத்திருங்கள் என்று.

இங்கிலாந்திலிருந்து வந்த பதில்கள்

சென்னையில் இருந்த கணித ஆசிரியர்களுக்கு இந்தத் தாள்கள் பிடிபடவில்லை. மேதையா, மனக்கணக்கில் வித்தை காட்டுகிறவரா என்ற சந்தேகம் உயர் அதிகாரிகளுக்கு இருந்தது. கிரிபித் தாள்களைத் தன் பழைய ஆசிரியரான லண்டன் பேராசிரியர் எம்.ஜே.எம். ஹில்லுக்கு அனுப்பினார். ஹில் அக்கறையோடுதான் பதில் எழுதினார். திறமை இருக்கிறது, ஆனால் முடிவில்லாத தொடர்களைக் கையாள்வதில் பிழைக்குள் விழுந்திருக்கிறார், புரோம்விச் எழுதிய புத்தகத்தைப் படிக்கட்டும் என்றார். 1, 2, 3 என்று முடிவில்லாமல் கூட்டினால் கழித்தல் பன்னிரண்டில் ஒன்று வரும் என்று ஒருவர் எழுதியிருந்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அதற்குள் இருந்த ஆழமான பொருளை ஹில் பார்க்கவில்லை.

ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்கும் எழுதினார். எச்.எஃப். பேக்கர், ஈ.டபிள்யூ. ஹாப்சன் என்ற இரண்டு பெரிய கணித அறிஞர்களிடமிருந்தும் உதவி வரவில்லை. 1913 ஜனவரி 16-ஆம் தேதி ஜி.எச். ஹார்டிக்கு எழுதினார். தன்னைப் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டார். கூடவே தேற்றங்கள் நிறைந்த தாள்கள். ஹார்டி தன் நண்பர் லிட்டில்வுட்டைக் கூட்டிவைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுது முழுக்க அந்தத் தாள்களைப் படித்தார். சில தேற்றங்கள் ஏற்கெனவே தெரிந்தவை. சில அவர்களே போராடினால் நிறுவக்கூடியவை. சிலவற்றைப் போன்ற ஒன்றை அவர்கள் கண்டதே இல்லை. இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், இப்படியெல்லாம் கற்பனை செய்து எழுத எவராலும் முடியாது என்ற முடிவுக்கு ஹார்டி வந்தார். பிப்ரவரி 8-ஆம் தேதி பதில் எழுதினார், நிரூபணங்களைக் கேட்டார்.

நான்கு பேர், நான்கு பேரும் முதல் தரமான அறிஞர்கள். தாள்களும் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. ஒருவருக்குத்தான் அவற்றின் அருமை பிடிபட்டது. அவர் வேலை செய்துகொண்டிருந்த துறை ராமானுஜனின் துறைக்குப் பக்கத்தில் இருந்தது. அதோடு, படிக்க ஒரு மாலையை ஒதுக்கவும் செய்தார்.

ராமானுஜன் பிப்ரவரி 27-ஆம் தேதி ஹார்டிக்குப் பதில் எழுதினார். அந்தக் கடிதத்தில் அவர் கேட்டது பாராட்டு இல்லை. தான் அரைப் பட்டினி கிடப்பவன் என்றும், ஹார்டி அனுதாபத்தோடு ஒரு கடிதம் எழுதினால் பல்கலைக்கழகத்திலோ அரசாங்கத்திலோ உதவித்தொகை கிடைக்க வழி பிறக்கும் என்றும் எழுதினார். பரிசு எப்படிப் பிறக்கும் என்பது பரிசு வேண்டியவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

வானிலைக்காரர் எழுதிய கடிதம்

ஏறக்குறைய அதே நாட்களில், பிப்ரவரி 25-ஆம் தேதி, இந்திய வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்திருந்தார். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்று டிரினிட்டி கல்லூரியில் ஃபெலோவாக இருந்தவர். பசிபிக் கடலின் காற்றழுத்தத்துக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பைப் பின்னால் கண்டு சொன்னவர் அவரே. ஸ்பிரிங் அவரிடம் ராமானுஜனின் நோட்டுகளைக் காட்டினார். வாக்கர் மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

பரிசுகளின் வரலாற்றில் இதைவிட நேர்மையான பரிந்துரையை நான் படித்ததில்லை. சாரம் இது. தான் பார்த்த தாள்களின் புதுமை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றின் கணித ஃபெலோவுக்கு ஈடானது. அதே சமயம், முடிவுகளை அப்படியே ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அவற்றில் முழுமையும் துல்லியமும் இன்னும் வரவில்லை. இந்தச் சூழ்நிலையில் அது எதிர்பார்க்கக்கூடியதே. இந்தத் துறையில் தனக்குத் தனிப் பயிற்சி இல்லாததால் ராமானுஜனின் திறமையைச் சரியாக எடைபோடத் தன்னால் முடியாது. ஆனால் சில ஆண்டுகளாவது வயிற்றுக்கவலை இல்லாமல் முழு நேரமும் கணிதத்தில் இருக்க இவருக்கு வழிசெய்வது பல்கலைக்கழகத்துக்குத் தகும் என்பதில் சந்தேகம் இல்லை.

கண்டது இவ்வளவு, குறை இவ்வளவு, எனக்குத் தெரியாதது இவ்வளவு, ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. நான்கையும் ஒரே கடிதத்தில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். புகழ்மாலையாக எழுதியிருந்தால் கூட்டத்தில் யாராவது எளிதாகத் தள்ளிவிட்டிருப்பார்கள். குறையையும் தன் எல்லையையும் சொன்னதால்தான் அவருடைய பரிந்துரைக்குக் கனம் வந்தது.

மார்ச் 19-ஆம் தேதிக் கூட்டம்

பல்கலைக்கழகத்தின் கணிதப் பாடக்குழு 1913 மார்ச் 19-ஆம் தேதி கூடியது. குழுவைக் கூட்டிய பொறியியல் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் பி. ஹனுமந்த ராவ் ஒரு நல்ல காரியம் செய்தார். குழுவில் இல்லாத நாராயண ஐயரையும் அழைத்தார். அந்தத் தாள்களோடு ஓராண்டு இரவும் பகலும் பழகியவர் சென்னையில் அவர் ஒருவர்தான். வாக்கரின் கடிதம் கையில். தாள்களை அறிந்தவர் அறையில். மாதம் 75 ரூபாய் இரண்டு ஆண்டுகளுக்குத் தரலாம் என்று குழு சிபாரிசு செய்தது.

அடுத்த மாதம் விஷயம் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டுக்குப் போனது. அங்கேதான் விதி குறுக்கே வந்தது. முதுகலைப் பட்டம் இல்லாதவருக்கு எப்படித் தருவது என்று எதிர்ப்பு எழுந்தது. எழுப்பியவர்களைக் குறுகிய மனம் படைத்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பொதுப் பணத்துக்குக் காவல் இருப்பவர்கள் அப்படிக் கேட்கத்தான் வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் எழுந்தார். பல்கலைக்கழகத்தை உண்டாக்கிய சட்டத்தின் முகப்புரையில் ஆராய்ச்சியை வளர்ப்பது அதன் பணிகளில் ஒன்று என்று சொல்லப்பட்டிருக்கிறதே என்று சுட்டிக்காட்டினார். ராமானுஜன் ஆராய்ச்சி செய்யத் தகுந்தவர் என்று தெரிந்துவிட்ட பிறகு, அதைத் தடுக்கும் துணை விதி அந்த முதல் நோக்கத்துக்கு வழிவிட வேண்டும். விதியைக் காற்றில் விடாமல், அதைவிட மூத்த விதியைக் காட்டி வழி திறந்தார். சிண்டிகேட் ஒப்புக்கொண்டது. போர்ட் டிரஸ்ட் விடுப்புக் கொடுத்தது.

பணத்தோடு ஒரு கடமையும் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தேன் என்று அறிக்கை தர வேண்டும். முதல் அறிக்கை ஆகஸ்டு 5-ஆம் தேதி போனது. அடுத்தது நவம்பரில், மூன்றாவது 1914 மார்ச்சில். ராமானுஜனின் 'மாஸ்டர் தேற்றம்' என்று இன்று கணித மாணவர்கள் படிக்கும் முடிவு இந்த அறிக்கைகளில்தான் இடம்பெற்றது. 1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஈ.எச். நெவில் சென்னைக்கு வந்து எழுதிய கடிதத்தின் பேரில், ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்து அவரை இங்கிலாந்துக்கு அனுப்ப அதே பல்கலைக்கழகம் முன்வந்தது. மார்ச் 17-ஆம் தேதி, தான் குமாஸ்தாவாக இருந்த துறைமுகத்திலிருந்தே 'நெவாசா' கப்பலில் ராமானுஜன் புறப்பட்டார்.

கும்பகோணத்தில் ஒரு வாரிசு

அந்தப் பரிசுக்கு இன்று ஒரு வாரிசு உண்டு. இந்தியக் கணிதக் கழகம் 1916-இல் சென்னையில் தன் முதல் மாநாட்டைக் கூட்டியது. இளைய ஆய்வாளர்கள் கட்டுரை வாசித்துப் பரிசு பெறும் போட்டி அதன் ஆண்டு மாநாடுகளில் இன்று வழக்கமாகிவிட்டது. நான் சொல்லும் வாரிசு பிறந்தது கும்பகோணத்தில்: 2005-இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அங்கே ராமானுஜன் பிறந்தநாளை ஒட்டி நடத்தும் சர்வதேசக் கருத்தரங்கில் சாஸ்த்ரா ராமானுஜன் பரிசைத் தொடங்கியது. பரிசு 10,000 டாலர். வயது 32-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. ராமானுஜன் வாழ்ந்த ஆண்டுகள் அவ்வளவுதான். அமெரிக்காவில் பேராசிரியராக இருக்கும் அல்லாடி கிருஷ்ணசுவாமி தலைமையில் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று பரிந்துரைகளைப் படித்துத் தேர்வு செய்கிறது.

முதல் ஆண்டு மஞ்சுள் பார்கவாவுக்கும் சென்னையில் பிறந்த கண்ணன் சௌந்தரராஜனுக்கும் கொடுத்தார்கள். பார்கவா 2014-இல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். 2008-இல் தேர்வான அக்ஷய் வெங்கடேஷும் 2013-இல் தேர்வான பீட்டர் ஷோல்ஸும் 2018-இல் அதைப் பெற்றார்கள். 2014-இல் தேர்வான ஜேம்ஸ் மேனார்டும் 2017-இல் தேர்வான மரினா வியாசோவ்ஸ்காவும் 2022-இல் பெற்றார்கள். உலகம் கண்டுகொள்ளும் முன்பே கும்பகோணம் இவர்களைக் கண்டுகொண்டது. பரிசுத் தொகை பெரிது என்பதால் இது நடக்கவில்லை. அந்தத் துறையைத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதால் நடந்தது.

இரண்டு குழுக்கள், இரண்டு முடிவுகள்

தெரிந்தவர்கள் படித்தாலும் தீர்ப்பு எப்போதும் சரியாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். இன்று நியூரிப்ஸ் என்று அழைக்கப்படும் இயந்திரக் கற்றல் மாநாடு 2014-இல் தன்னையே சோதித்துப் பார்த்தது. வந்த கட்டுரைகளில் பத்தில் ஒரு பங்கை, 166 கட்டுரைகளை, இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். ஒரு குழு என்ன செய்கிறது என்று மற்றதற்குத் தெரியாது. 43 கட்டுரைகளில் இரண்டு குழுக்களும் எதிரெதிர் முடிவு சொன்னன. ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கு மேல் மற்றக் குழுவால் நிராகரிக்கப்பட்டவை. கட்டுரையை ஏற்பதிலேயே இவ்வளவு வேறுபாடு என்றால், ஏற்றவற்றுள் எது சிறந்தது என்று சொல்வது எவ்வளவு கடினம்!

இதை உணர்ந்த மாநாடுகள் சில ஏற்பாடுகள் செய்திருக்கின்றன. மதிப்பீட்டாளர்கள் தங்களுக்கு வந்த கட்டுரைகளில் விருதுக்கு உரியதைச் சுட்டுவார்கள். அவற்றிலிருந்து ஒரு சிறு பட்டியல் எடுத்து, தனி விருதுக் குழுவிடம் கொடுப்பார்கள். கட்டுரையாளரின் வழிகாட்டியோ, கூட்டு ஆசிரியரோ, அதே நிறுவனத்தவரோ குழுவில் இருந்தால் அந்தக் கட்டுரை பேசப்படும்போது வெளியே போய்விட வேண்டும். பல மாநாடுகளில் எழுதியவர் பெயர் மதிப்பீட்டாளருக்குத் தெரியாது. பத்தாண்டு கழித்து, காலம் காட்டிய பயனைப் பார்த்துப் பழைய கட்டுரைக்கு விருது தரும் வழக்கமும் வந்திருக்கிறது.

நம் ஊர்க் கருத்தரங்குகளில் நடப்பதை நேரில் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. ஒரே நாளில் பல அமர்வுகள். ஒருவருக்குப் பத்து நிமிடம். அமர்வுத் தலைவர் கட்டுரையை முதன்முறையாகத் திரையில்தான் பார்க்கிறார். மாலையில் சான்றிதழ், கைத்தட்டல், குழுப்படம். எதற்காக அந்தக் கட்டுரை சிறந்தது என்று ஒரு வரி எங்கும் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் கருத்தரங்கில் வாசிக்கும் கட்டுரைகளையும் பதவி உயர்வுப் புள்ளிக் கணக்கில் சேர்த்தபின், சான்றிதழுக்குத் தேவை பெருகியது. படிப்பதற்கு நேரம் பெருகவில்லை.

அறிமுகக் கடிதம் இல்லாதவர்கள்

1913-இன் கதையில் ஒரு குறையும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாடம் முழுமையாகாது. ராமானுஜன் தாள்கள் கை மாறிய வழியைப் பாருங்கள்: ஐயர், ராவ், ஐயங்கார், பிறகு வெள்ளைக்கார அதிகாரிகள். பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள் சுற்றிய அறிமுகங்கள். ராமானுஜன் ஏழை, ஆனால் அந்த வட்டத்தின் கதவைத் தட்டினால் திறப்பார்கள். அதே துறைமுகத்தில் அன்று மூட்டை தூக்கியவரின் பிள்ளைக்கோ, காசிமேட்டுக் கட்டுமரக்காரரின் பிள்ளைக்கோ கணிதம் அப்படியே ஊறியிருந்தாலும், கடிதம் எழுதித் தர ஒரு ராமசுவாமி ஐயர் கிடைத்திருக்க மாட்டார்.

கருத்தரங்கு என்ற ஏற்பாட்டின் பெருமை இங்கேதான் இருக்கிறது. யாரையும் தெரியாதவர் ஒரு கட்டுரையை அனுப்பலாம். தெரிந்தவர்கள் அதைப் படித்துத்தான் ஆக வேண்டும். ஸ்பிரிங்கும் நாராயண ஐயரும் தனிப்பட்ட அக்கறையால் செய்ததை எல்லாருக்கும் பொதுவான முறையாக ஆக்கியதுதான் கருத்தரங்கு. ஆகவே படிக்காமல் கொடுக்கும் விருது யாரை அதிகம் ஏமாற்றுகிறது? செல்வாக்குள்ள வழிகாட்டி இருப்பவருக்கு அது இல்லாவிட்டாலும் வேறு வழி திறக்கும். வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியிலிருந்தோ, வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரியிலிருந்தோ, எண்ணூரில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் பிடித்து ஒரு மாணவி கட்டுரையோடு வந்தால், அவளுக்கு இருக்கும் ஒரே அறிமுகக் கடிதம் அந்தக் கட்டுரைதான். அதைப் பிரித்துப் படிக்காவிட்டால் அவளுக்கு வேறு கதவு கிடையாது.

இந்த விவரங்களில் பலவும் நமக்குக் கிடைக்கக் காரணமானவர்களில் ஒருவர் வடசென்னைப் பள்ளி ஆசிரியர். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் ராமானுஜனைப் பற்றிய கடிதங்களையும், அவரோடு பழகியவர்களின் நினைவுகளையும் தேடித் தேடித் தொகுத்தார். பள்ளியின் முன்னாள் மாணவர் குழுவின் பெயரால் 1968-இல் அவை இரண்டு தொகுதிகளாக வந்தன. உலகெங்கும் ராமானுஜன் வரலாறு எழுதியவர்கள் அவற்றை நாடினார்கள். 1993-இல் ராயபுரம் அவ்வை கலைக் கழகத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் உருவானதும் அவர் உழைப்பால்தான். பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிப்போங்கள்.

கருத்தரங்கு நடத்துகிற ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. விருதுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். கட்டுரைகளை இரண்டு வாரம் முன்பே நடுவர்களிடம் கொடுங்கள். தனக்குத் தெரியாத துறை என்றால் அதைச் சொல்லி விலகவும், தெரிந்தவரைக் காட்டவும் நடுவருக்கு உரிமை கொடுங்கள். சான்றிதழோடு ஒரு பத்தி சேர்த்துக் கொடுங்கள்: இந்தக் கட்டுரையில் புதிதாக என்ன இருக்கிறது, எங்கே குறை, அடுத்து என்ன செய்யலாம், கீழே நடுவரின் பெயர், கையெழுத்து. அப்படி எழுத எதுவும் இல்லையென்றால் அந்த ஆண்டு விருது கொடுக்காதீர்கள். வாக்கர் தாள்களைப் பார்த்த மறுநாளே தன் கடிதத்தை எழுதினார். நமக்கு இரண்டு வாரம் போதும்.